கேம்ப் கைமாறிடுச்சு, பழைய ஓனர் குடுத்த ஸ்டாம்ப் கார்டு செல்லுமா? அடிக்கடி வர்ற கேள்விகள்

மலைப்பக்கம் டென்ட் ஸ்டே, கேம்ப்சைட் நடத்துறவங்க சில பேருக்கு கணக்கு வழக்கு பாத்துக் குடுக்குறது என் வேலை. ஒரு கேம்ப் வித்துப் போச்சுன்னா வாங்குனவரும் போன் பண்ணுவாரு, வித்தவரும் பண்ணுவாரு, சில சமயம் அங்க தங்கிட்டுப் போன கஸ்டமரே எங்கிருந்தோ நம்பர் புடிச்சு பண்ணுவாங்க. எல்லாரும் கேக்குறது சுத்திச் சுத்தி ஒண்ணுதான், "அஞ்சு ராத்திரி தங்குனா ஆறாவது ஃப்ரீன்னு பழைய ஓனர் கார்டு குடுத்திருக்காரே, அது இப்ப யார் தலையில?" தனித்தனியா சொல்லி மாளல, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன். கஸ்டமருக்கும் இருக்கு, ஓனருக்கும் இருக்கு, உங்களுக்கு வேணுங்கறதைப் படிச்சுக்கங்க.

ஓனர் மாறிட்டா என் கார்டு செத்துப் போச்சா?

கேம்ப் எப்படி கைமாறுச்சுங்கறதைப் பொறுத்து இருக்கு. அந்த கேம்ப் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பேர்ல நடந்து, புது ஆளு அந்தக் கம்பெனியோட ஷேரை வாங்கியிருந்தா சட்டப்படி எதுவுமே மாறல, கம்பெனி அதே கம்பெனிதான், அது குடுத்த வாக்கும் அதோட கடனும் அப்படியே இருக்கு, உள்ள உக்காந்திருக்குற ஆளு மட்டும்தான் வேற. அங்க போய் "அது பழைய ஓனர் குடுத்தது சார்"னு ரிசப்ஷன்ல சொன்னா அது செல்லாத பேச்சு.

தனி ஆள் ஒருத்தர் சொந்தப் பேர்ல நடத்தி, டென்ட்டு, கட்டில், போர்டு, நிலத்தோட லீஸ் எல்லாத்தையும் இன்னொருத்தருக்கு வித்துட்டுப் போயிருந்தா கதை வேற. உங்களுக்கு வாக்கு குடுத்தது அந்தப் பழைய ஆளு, புது ஆளு உங்ககிட்ட எதுவும் சொல்லல. ஆனா இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. ஒரு ஒப்பந்தத்துல நமக்கு வரவேண்டியதை இன்னொருத்தர் பேருக்கு மாத்தி விடலாம், நாம செய்யவேண்டியதை எதிராளி சம்மதம் இல்லாம இன்னொருத்தர் தலையில கட்டிட்டு நழுவ முடியாது. இது 1962லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதனால கேம்ப்பை வித்ததால பழைய ஓனர் தப்பிச்சாருன்னு அர்த்தம் இல்ல. நீங்க ஒத்துக்காத வரைக்கும் அந்த ஆறாவது ராத்திரி அவரோட கடன்தான்.

பார்ட்னர்ஷிப்னா பெரும்பாலும் ரெண்டுக்கும் நடுவுல நிக்கும், ஒரு பார்ட்னர் போய் இன்னொருத்தர் வந்து ஃபர்ம் தொடர்ந்து நடந்தா ஃபர்ம் குடுத்த வாக்கு ஃபர்ம்மோட இருக்கும்.

கம்பெனி கைமாறுச்சா, சாமான் கைமாறுச்சான்னு வெளிய இருக்குற எனக்கு எப்படித் தெரியும்?

பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஜிஎஸ்டி நம்பரைப் பாருங்க. பதினஞ்சு எழுத்து இருக்கும். முதல் ரெண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. அதுக்கு அடுத்த பத்தும் அந்த ஆளோட, இல்ல கம்பெனியோட பான் நம்பர். அந்தப் பத்தும் ரெண்டு பில்லுலயும் ஒண்ணா இருந்தா அதே ஆள்தான், பேசாம கார்டை நீட்டுங்க. பத்தும் மாறியிருந்தா புது ஆளு.

இன்னொரு சின்ன விஷயம், அந்தப் பத்துல நாலாவது எழுத்து (மொத்த நம்பர்ல ஆறாவது) 'பி'யா இருந்தா தனி ஆள், 'சி'யா இருந்தா கம்பெனி, 'எஃப்'பா இருந்தா பார்ட்னர்ஷிப் ஃபர்ம் இல்ல எல்எல்பி (அதுவும் ஒரு வகை பார்ட்னர்ஷிப்தான்). ஜிஎஸ்டி வெப்சைட்ல போய் நம்பரைப் போட்டா யார் பேர்ல இருக்கு, எப்ப பதிவு ஆச்சு, கேன்சல் ஆயிருச்சான்னு எல்லாம் காசு இல்லாமலே காட்டும். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழ வியாபாரம் பண்ற சின்ன கேம்ப்ல ஜிஎஸ்டி நம்பரே இல்லாம இருக்கலாம், அங்க கேட்டுத் தெரிஞ்சுக்கறதைத் தவிர வழி இல்ல.

அட்வான்ஸ் குடுத்திருக்கேன், அதுவும் இப்படித்தானா?

இல்ல இல்ல, இங்கதான் எல்லாரும் குழப்பிக்குறாங்க. அட்வான்ஸ்ங்கறது உங்க கைக்காசு, தேதி போட்டு ரூம் புக் பண்ணி குடுத்தது. அதை "ஓனர் மாறிட்டாரு"ன்னு சொல்லி யாரும் முழுங்க முடியாது, ஒண்ணு தங்க விடணும் இல்ல திருப்பிக் குடுக்கணும், புது ஆளா பழைய ஆளாங்கறது அவங்களுக்குள்ள இருக்குற பஞ்சாயத்து. பிறந்தநாளுக்கு யாரோ காசு போட்டு வாங்கிக் குடுத்த கிஃப்ட் வவுச்சரும் கிட்டத்தட்ட அதே மாதிரி, அதுக்கு முழுக் காசும் ஏற்கனவே உள்ள போயிருக்கு.

ஸ்டாம்ப் கார்டு இதுக்கு ஒரு படி கீழ. அதுக்குன்னு தனியா காசு குடுக்கல, ஆனா ஓசின்னும் சொல்ல முடியாது, அஞ்சு ராத்திரி காசு குடுத்துத் தங்குனதாலதான் அது வந்துச்சு. அதுக்கும் கீழ "ஃபாலோ பண்ணுங்க, பத்து பர்சென்ட் ஆஃப்"னு வர்ற கூப்பன், அதைப் புது ஓனர் கண்டுக்காம விட்டா நான் சண்டை போட மாட்டேன், நீங்களும் போடாதீங்க.

புது ஓனர் முடியாதுன்னுட்டாரு, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?

போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, தர்ற எண்ணமே இல்லாம ஒரு பரிசையோ இலவசத்தையோ அறிவிக்கிறது முறையற்ற வணிக நடைமுறைன்னு இருக்கு. பிரச்சனை நடந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா ஃபீஸ் கிடையாது, கேம்ப் இருக்குற ஊருக்குத்தான் போகணும்னு இல்ல, நீங்க குடியிருக்குற மாவட்டத்து கமிஷன்லயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயும் போடலாம்.

ஆனா யார் மேல போடுவீங்க? பழைய ஓனர் தனி ஆளா இருந்து வித்துட்டுப் போயிருந்தா அவர் பேரை விட்டுடாதீங்க. புது ஓனரையும் சேக்கலாம், குறிப்பா அவரு அதே பேர், அதே போர்டு, அதே இன்ஸ்டா பக்கத்தை வச்சுக்கிட்டு "உங்க பழைய கேம்ப்தான், வாங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. ரிசப்ஷன் சுவத்துல "5 தங்குனா 1 ஃப்ரீ" போஸ்டரைக் கிழிக்காம விட்டிருந்தா அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, அதுக்கப்புறம் "அது அவரு சொன்னது"ங்கற பேச்சு எடுபடாது.

என்னைக் கேட்டா ரெண்டாயிரம் ரூபா டென்ட்டுக்கு கேஸ் போட்டு நடக்குறது வேண்டாத வேலை. முதல்ல 1915க்கு போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். பாதி பிரச்சனை அங்கேருந்து ஒரு மெயில் போனதுமே முடிஞ்சிடும். அதுக்கும் முன்னாடி புது ஓனர்கிட்ட நேரா பேசுங்க, பல பேரு பேசாமலே கூகுள்ல ஒத்த ஸ்டார் போட்டுட்டு அப்புறம் வந்து "கார்டை ஏத்துக்கங்க"ன்னு நிக்கிறாங்க, ஒத்த ஸ்டார் வாங்குன மனுஷனுக்கு எப்படிங்க மனசு வரும்?

பெரிய கம்பெனிங்க எல்லாம் இதை எப்படிப் பண்றாங்க?

நல்லா பண்ணதுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. விஸ்தாரா ஏர்லைன்ஸ் 2024 நவம்பர் 12ல ஏர் இந்தியாவோட சேந்தப்ப கிளப் விஸ்தாரா பாயிண்ட்டை எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஏர் இந்தியாவோட மகாராஜா கிளப்புக்கு மாத்துனாங்க. வெளிநாட்டுல பாத்தா மேரியாட் 2016 செப்டம்பர்ல ஸ்டார்வுட் ஹோட்டல் குரூப்பை வாங்குச்சு. ஸ்டார்வுட் கஸ்டமருங்க அவங்க பாயிண்ட் மேல உசுரா இருந்தவங்க, பயந்து போய்ட்டாங்க. மேரியாட் என்ன பண்ணுச்சுன்னா ஒரு ஸ்டார்வுட் பாயிண்ட்டுக்கு மூணு மேரியாட் பாயிண்ட்னு விகிதம் போட்டு, 2018 ஆகஸ்ட் வரைக்கும் ரெண்டு திட்டத்தையும் தனித்தனியா ஓட்டிட்டு, அப்புறம் ஒண்ணாக்கி, 2019ல பான்வாய்னு பேர் வச்சுச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் டைம் எடுத்துக்கிட்டாங்க, அவசரப்பட்டு ஒரே ராத்திரியில மாத்தல.

ஜெட் ஏர்வேஸ் இன்னும் சுவாரசியமான கேஸ். 2019 ஏப்ரல் 17ல கடைசி ஃப்ளைட் பறந்து அதோட நின்னுச்சு. ஆனா ஜெட்பிரிவிலேஜ் மைல்ஸ்ங்கற அவங்க பாயிண்ட் திட்டம் அன்னைக்கே சாகல, ஏன்னா அதை நடத்துனது தனிக் கம்பெனி, அதுல எதிஹாட் ஏர்வேஸுக்குத்தான் பெரும்பங்கு இருந்துச்சு. அதே வருஷம் இன்டர்மைல்ஸ்னு பேர் மாத்திக்கிட்டு ஹோட்டல், ஷாப்பிங்னு தொடர்ந்து ஓடுச்சு. கேம்ப்போட சம்பந்தம் என்னன்னா, வாக்கு குடுத்தது யாருன்னு பாருங்க, போர்டுல இருக்குற பேரைப் பாக்காதீங்க.

அமெரிக்காவுல இருக்கேன், இங்க கேம்ப்கிரவுண்ட் எல்லாம் செயின்ல இருக்கு, இங்கயும் இந்தச் சிக்கல் வருமா?

செயின்ல சேந்த இடம்னா குறைவு. கேஓஏ-ன்னு ஒரு செயின் இருக்கு, 1962ல மொன்டானா மாநிலத்து பில்லிங்ஸ்ல ஆரம்பிச்சது, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் சேத்து 500க்கு மேல இடங்கள், அதுல பெரும்பாலானது ஃப்ராஞ்சைஸ், அதாவது நிலமும் கேம்ப்பும் உள்ளூர் ஆளோடது, பேரும் ரிவார்ட் திட்டமும் தலைமைக் கம்பெனியோடது. உள்ளூர் ஓனர் வித்துட்டுப் போனாலும் புது ஆளு அதே செயின்ல தொடர்ந்தா உங்க பாயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. புது ஆளு செயினை விட்டு வெளிய வந்துட்டா அந்த ஒரு இடத்துல செல்லாது, மத்த இடத்துல செல்லும். புக் பண்ணும்போது அந்த இடம் இன்னும் செயின்ல இருக்கான்னு செயினோட வெப்சைட்ல பாத்துட்டு பண்ணுங்க, ரோட்டோரம் இருக்குற மஞ்சள் போர்டை நம்பாதீங்க.

நான் கேம்ப் வாங்கப் போறேன், பழைய கார்டால எனக்கு எவ்வளவு நஷ்டம் வரும்?

நீங்க பயப்படுற அளவுக்கு வராது, ஆனா கணக்கு போடாம கையெழுத்து போட்டுடாதீங்க. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ராத்திரிக்கு 2,000 ரூபா, அஞ்சு தங்குனா ஆறாவது ஃப்ரீ. கஸ்டமர் 10,000 குடுத்தாரு, ஆனா அவரு வாங்குனது ஆறு ராத்திரி. அப்ப ஒரு ராத்திரியோட உண்மையான விலை 1,667 ரூபாதான். பழைய ஓனர் கையில வாங்குன 10,000ல 8,333தான் அவரு ஏற்கனவே செஞ்ச வேலைக்கு, மிச்ச 1,667 இன்னும் செய்யாத வேலைக்கு முன்கூட்டியே வாங்குன காசு. பெரிய கம்பெனிங்க கணக்கை இப்படித்தான் எழுதணும், 2018 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல இன்ட் ஏஎஸ் 115ங்கற கணக்கு விதி அப்படித்தான் சொல்லுது, பாயிண்ட்டுக்கான பங்கை வருமானமா காட்டாம கடனா காட்டணும். சின்ன கேம்ப்புக்கு அந்த விதி கிடையாது, ஆனா லாஜிக் அதேதான்.

இப்ப 80 கார்டு முழுசா நிரம்பி வெளிய இருக்குன்னு வைங்க, அதுல 50 பேரு வருவாங்கன்னு வைங்க, எல்லாரும் வர மாட்டாங்க, பாதி கார்டு வாஷிங் மெஷின்ல போயிருக்கும். 50ஐ 1,667ஆல பெருக்குனா 83,000 சொச்சம். வாங்குறவரு இந்தத் தொகையை விலையில கழிக்கச் சொல்லலாம், நியாயமான கேள்விதான், அந்தக் காசு பழைய ஓனர் பாக்கெட்டுக்குத்தானே போச்சு.

பழைய ஓனர் சும்மா இருப்பாரா, "ஆஃப் சீசன்ல டென்ட் எப்படியும் காலியாத்தான கிடக்கு, உனக்கு ஆகுற செலவு பெட்ஷீட் துவைக்கிறது, காலையில ரெண்டு இட்லி பொங்கல், கேம்ப்ஃபயருக்கு நாலு கட்டை விறகு, மிஞ்சிப் போனா ஐநூறு"ம்பாரு. அவரு சொல்றதும் உண்மைதான். 50ஐ 500ஆல பெருக்குனா 25,000. இந்த 25,000க்கும் 83,000க்கும் நடுவுல எங்கயாவது பேசி முடிச்சுக்கங்க. நான் பாத்த வரைக்கும் பேசவே பேசாம விடுறதுதான் அதிகம், கோடிக்கணக்குல கிரயம் பேசுறவங்க இந்த அம்பதாயிரத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க, அப்புறம் மாசக்கணக்கா ரிசப்ஷன்ல கஸ்டமரோட மல்லுக்கட்டு. இதுல இன்னொண்ணு, ஃப்ரீயா வர்றவரு தனியா வர மாட்டாரு, கூட மூணு பேரைக் கூட்டிட்டு வருவாரு, பார்பிக்யூ ஆர்டர் பண்ணுவாங்க, ஜீப் ட்ரிப் கேப்பாங்க, அந்த ராத்திரி உங்களுக்கு லாபமா முடியவும் வாய்ப்பு இருக்கு.

அக்ரிமெண்ட்ல என்ன எழுதிக்கணும்?

வக்கீல் வச்சு எழுதுங்க, ஆனா அவருக்கு இதெல்லாம் ஞாபகம் வராது, நீங்கதான் சொல்லணும். வெளிய இருக்குற கார்டு, வவுச்சர், அட்வான்ஸ் எல்லாத்தோட லிஸ்ட்டை தேதி போட்டு பழைய ஓனர் கையெழுத்து போட்டுத் தரணும். லிஸ்ட்ல இல்லாம பின்னாடி ஒரு கார்டு வந்து நின்னா அதுக்கு அவரு காசு தரணும். அதுக்காக விலையில ஒரு பகுதியை ஆறு மாசம் புடிச்சு வைக்கலாம்.

ஜிஎஸ்டி பாக்கிக்கு அரசாங்கம் தெளிவா சட்டம் போட்டு வச்சிருக்கு, பிசினஸை வித்தா விக்கிறதுக்கு முன்னாடி வரைக்கும் இருந்த வரி பாக்கிக்கு வித்தவரும் வாங்குனவரும் சேந்து பொறுப்பு, ஜிஎஸ்டி சட்டம் 85வது பிரிவு. தன் காசுன்னா கவர்மென்ட் எவ்வளவு உஷார் பாருங்க. கஸ்டமர் கார்டுக்கு அப்படி ஒரு பிரிவு எல்லாம் இல்ல, அதனால நீங்களா எழுதிக்கிட்டாதான் உண்டு.

டூப்ளிகேட் கார்டு கொண்டு வந்தா?

கொண்டு வருவாங்க. அந்தக் கார்டை எடுத்துப் பாருங்க, விசிட்டிங் கார்டு சைஸ் அட்டை, பின்னாடி அஞ்சு வட்டம், வட்டத்துக்குள்ள டென்ட் படம் போட்ட ஊதா ரப்பர் ஸ்டாம்ப். தேதி இருக்காது, பேர் இருக்காது, கையெழுத்து இருந்தா ஆச்சரியம். எந்த ரப்பர் ஸ்டாம்ப் கடையிலயும் அதே டிசைனை அன்னைக்கே வெட்டி வாங்கலாம். அதனால ஸ்டாம்ப்பை வச்சு முடிவு பண்ணாதீங்க, கஸ்டமரோட போன் நம்பரைக் கேளுங்க, பழைய ரிஜிஸ்டர்ல அந்த நம்பர் எத்தன தடவ இருக்குன்னு பாருங்க. ரிஜிஸ்டர் இல்லன்னா அவரோட ஜிபே ஹிஸ்டரியில பழைய ஓனர் நம்பருக்கு அனுப்புன பேமெண்ட்டைக் காட்டச் சொல்லலாம், அஞ்சுல மூணு காட்டுனாக்கூட நான் ஒத்துக்குவேன். உண்மையான கஸ்டமர் ஒருத்தரைத் திருடன் மாதிரி நடத்துறதை விட ரெண்டு டூப்ளிகேட்டுக்கு டென்ட் குடுத்துட்டுப் போறது மேல்.

லாங் வீக்கெண்ட்ல கார்டை நீட்டுறாங்க, முடியாதுன்னு சொல்லலாமா?

கார்டுலயே முன்னாடி அப்படிப் போட்டிருந்தா தாராளமா சொல்லலாம். போடலன்னா, வாக்கை ஏத்துக்கிட்டேன்னு சொல்லிட்டு அதுல புதுசு புதுசா கண்டிஷன் சேக்குறது நல்லா இல்லதான், ஆனா பொங்கல், தீபாவளி, மே மாச சனி ஞாயிறு வேண்டாம், மத்த எந்த நாள்லயும் வாங்கன்னு ஆரம்பத்துலயே சொன்னா பெரும்பாலானவங்க ஒத்துக்குறாங்க. கார்டோட வந்து கேட் முன்னாடி நிக்கும்போது சொல்லக்கூடாது, அதான் முக்கியம்.

கடைசித் தேதி போடுறப்ப குறைஞ்சது ஒரு முழு வருஷம் குடுங்க. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம்னா இன்னும் தாராளமா இருங்க, 2024 மே 7ல இருந்து அங்க இ-பாஸ் நடைமுறை, 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் கொடைக்கு சாதாரண நாள்ல 4,000 வண்டி, வீக்கெண்ட்ல 6,000 வண்டிதான்னு ஹைகோர்ட் கட்டுப்படுத்துச்சு. பாஸ் கிடைக்காம வர முடியாத ஆளோட கார்டைக் காலாவதி ஆயிடுச்சுன்னு திருப்பி அனுப்புனா நல்லாவா இருக்கும்?

மூணு ஸ்டாம்ப்தான் இருக்கு, அது என்ன ஆகும்?

புது ஓனர் திட்டத்தையே தொடர்ந்தா அதே கார்டுல மிச்சம் ரெண்டை வாங்கிக்கங்க. திட்டத்தை நிறுத்துறாருன்னா, ஸ்டாம்ப்புக்கு இவ்வளவுன்னு அடுத்த தடவ பில்லுல கழிச்சு விடுறது நல்ல வழி, மேல சொன்ன கணக்குப்படி பாத்தா ஸ்டாம்ப்புக்கு 333 ரூபா வருது, 300னு வச்சுக்கிட்டா மூணு ஸ்டாம்ப்புக்கு 900. சட்டப்படி பாதிக் கார்டுக்கு உரிமை கேக்குறது கஷ்டம், நிபந்தனை இன்னும் நிறைவேறலயே. குடுக்குறது ஓனரோட மரியாதை, அவ்வளவுதான்.

பழைய கஸ்டமர் நம்பர் எல்லாம் என்கிட்ட வந்துருச்சு, எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல போட்டுடலாமா?

கார்டு விஷயமா ஒரு தடவ சொல்றதுக்குப் போடுங்க, அதுக்கப்புறம் தினம் "குட் மார்னிங், இன்னைக்கு ஆஃபர்"னு போடாதீங்க. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023லயே சட்டம் வந்தாச்சு, ஒரு வேலைக்காகக் குடுத்த நம்பரை வேற வேலைக்கு இஷ்டத்துக்குப் பயன்படுத்துறது இனிமே விளையாட்டு இல்ல. முடிஞ்சா முதல் மெசேஜ் பழைய ஓனர் நம்பர்ல இருந்தே போகட்டும், தெரியாத நம்பர்ல இருந்து "உங்களுக்கு ஒரு ராத்திரி ஃப்ரீ"ன்னு வந்தா நான்கூட ஸ்கேம்னு நெனச்சு பிளாக் பண்ணிடுவேன்.

இப்படி எழுதலாம்: "வணக்கம்ங்க. நம்ம கேம்ப்பை வர்ற ஒண்ணாந்தேதியில இருந்து வேற ஒருத்தர் எடுத்து நடத்தப் போறாரு. உங்ககிட்ட இருக்குற ஸ்டாம்ப் கார்டு அவருகிட்டயும் செல்லும், ஒரு வருஷம் வரைக்கும், பண்டிகை நாளும் மே மாச வீக்கெண்டும் தவிர. வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி இந்த நம்பருக்கு கார்டோட போட்டோ அனுப்பிடுங்க. உங்க நம்பரை அவருகிட்ட குடுக்க வேண்டாம்னா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க." இவ்வளவு போதும், இதுல "குடும்பத்துல ஒருத்தரா"ங்கற மாதிரி உருக்கம் எல்லாம் வேண்டாம்.

ஃப்ரீ ராத்திரிக்கு ஜிஎஸ்டி போடணுமா?

கேம்ப்சைட்டும் ஹோட்டல் ரூம் மாதிரிதான், ஜிஎஸ்டி லிஸ்ட்ல ஹோட்டல், லாட்ஜ், கெஸ்ட் ஹவுஸோட கேம்ப்சைட்னு பேர் சொல்லியே போட்டிருக்கு. ராத்திரிக்கு 7,500 ரூபா வரைக்கும் 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம். வாடகையே வாங்கலன்னா அஞ்சு சதவீதம் எதுக்கு மேல போடுவீங்க? ஆனா பில் போடாம விட்டுடாதீங்க, முழு வாடகையைப் போட்டு அதே பில்லுல டிஸ்கவுண்ட்டைக் கழிச்சுக் காட்டுங்க, பின்னாடி ரிஜிஸ்டர்ல ஆள் இருக்கு பில் இல்லன்னு கேள்வி வராது. சாப்பாடு, ஜீப் இதுக்கெல்லாம் வழக்கம்போல தனி பில். உங்க ஆடிட்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

ஆன்லைன் புக்கிங் ஆப்ல சேத்த பாயிண்ட்டும் போயிடுமா?

போகாது. அது ஆப் குடுத்தது, கேம்ப் குடுத்ததே இல்ல.

கேம்ப்பையே மூடிட்டாங்க, இல்ல டென்ட்டுக்குப் பெர்மிஷன் இல்லன்னு நிறுத்தி வச்சிருக்காங்க, அப்ப?

வயநாட்டுல 2021 ஜனவரியில ஒரு டென்ட் கேம்ப்ல தங்குன பொண்ணை யானை மிதிச்சுக் கொன்னுடுச்சு, அதுக்கப்புறம் லைசென்ஸ் இல்லாத டென்ட்டை எல்லாம் மாவட்ட நிர்வாகம் நிறுத்துச்சு. அந்த மாதிரி நிலைமையில ஃப்ரீ ராத்திரி கேட்டு நிக்காதீங்க, உங்க பாதுகாப்புதான் முதல்ல. அட்வான்ஸ் குடுத்திருந்தா அதை மட்டும் விடாம திருப்பி வாங்குங்க. வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு, கார்டு கணக்கு பாக்குறதுக்கு முன்னாடி லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு, உங்க பேருக்கு மாறுமான்னு பாருங்க. பெர்மிஷன் இல்லாத எடத்துக்கு ஸ்டாம்ப் கார்டு ஒண்ணுதான் குறைச்சல்.

பழைய ஓனர் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி புதுசா ஒரு கேம்ப் ஆரம்பிச்சுட்டாரு, கார்டை அங்க கொண்டு போகலாமா?

கஸ்டமர் கேட்டா, தாராளமா போங்க, வாக்கு குடுத்தவரு அவருதான், அவரும் சந்தோஷமாத்தான் கூப்பிடுவாரு, பழைய கஸ்டமரைத் திரும்பப் புடிக்கறதுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

வாங்குனவருக்குத்தான் இது வயித்தெரிச்சல், குட்வில்லுக்கும் (கேம்ப் சம்பாதிச்ச நல்ல பேரும் பழகுன கஸ்டமரும்) சேத்து காசு குடுத்துட்டு கஸ்டமர் பூரா பக்கத்துக் கேம்ப்ல இருந்தா? ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவு பொதுவா ஒருத்தரைத் தொழில் பண்ணக்கூடாதுன்னு தடுக்குற ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லுது, ஆனா குட்வில்லை விக்கிறவருக்கு மட்டும் விதிவிலக்கு, இந்த ஏரியாவுக்குள்ள இதே தொழிலை நடத்த மாட்டேன்னு அவரு எழுதிக் குடுத்தா அது செல்லும், நியாயமான எல்லையா இருக்கணும், தமிழ்நாடு பூரா கூடாதுன்னு எழுதுனா நிக்காது. அதனால கிரயத்துல குட்வில்னு ஒரு வார்த்தை இருக்கணும், ஏரியா எதுன்னு இருக்கணும், எத்தன வருஷம்னும் போட்டுக்கங்க. இதெல்லாம் எழுதாம விட்டுட்டு, கார்டையும் ஏத்துக்க மாட்டேன்னு சொன்னீங்கன்னா, உங்க கஸ்டமரை நீங்களே வண்டி ஏத்தி அவருகிட்ட அனுப்புறீங்க.